மூன்றாம் வருஷத்து ஜெபம்: முடியாத போரில் தவிக்கிறவர்களுக்காக எப்படி மன்றாடுவது?

ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "போர் ஆரம்பித்த வாரத்தில் எங்கள் ஜெபக்குழு முழங்காலில் நின்று அழுதது. இப்போது மூன்றாம் வருஷம். 'ஆண்டவரே, அங்கே சமாதானம் தாரும்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த ஜெபக்குறிப்புக்குப் போய்விடுகிறோம். முகம் தெரியாத அந்த ஜனங்களுக்காக என்ன சொல்லி ஜெபிப்பது? இத்தனை நாள் கேட்டும் நிற்காத போருக்காக இன்னும் ஜெபிப்பதில் பொருள் இருக்கிறதா? அக்கிரமம் செய்கிற தரப்பு தோற்க வேண்டும் என்று கேட்கலாமா?"

சகோதரி, நீங்கள் சொல்லும் அந்த ஒற்றை வரி எங்கள் குழுவிலும் உண்டு. பல வருஷமாக ஒரு மன்றாட்டுக் குழுவோடு இருக்கிறேன். ஒரு நாள் பழைய ஜெபக்குறிப்பு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். போர் தொடங்கிய மாதத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தோம்: ஊர்ப் பெயர்கள், ஒரு மருத்துவமனை, எல்லையில் காத்து நிற்கிற குடும்பங்கள். ஆறாம் மாதத்தில் அது நாலு வரி. ஒன்றரை வருஷத்தில் நாட்டின் பெயரும் பக்கத்தில் 'சமாதானம்' என்ற சொல்லும் மட்டும். அதன்பின் ஒரு வாரம் அதுவும் இல்லை. எழுதாமல் விட்டதை அந்த வாரம் ஒருவரும் கவனிக்கவில்லை. அங்கே குண்டு விழுவது நிற்கவில்லை, எங்கள் பேனாதான் நின்றுபோயிருந்தது.

நீண்ட போர் தூரத்தில் இருப்பவர்களுக்குச் செய்கிற கெடுதல் இதுதான்: பழகிப்போகிறது. முதல் நாள் செய்தி நெஞ்சை அடைக்கிறது, ஆயிரமாவது நாள் அதே செய்தி கண்ணில் படுவதுகூட இல்லை. அதனால் நீண்ட போருக்கான ஜெபம், முதலாவதாக, பழகிப்போக மறுப்பது என்று நான் நினைக்கிறேன். போர் எப்போது முடியும் என்பது நம் கையில் இல்லை. அங்கே இருக்கிறவர்கள் நம் நோட்டிலிருந்து விழுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

எப்படி என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது மத்தேயு 24-ஆம் அதிகாரம். போர் என்றதும் பலரும் திறக்கிற அதிகாரம்தான். ஆனால் பாதி வாசித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். "யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள்", "இவைகளெல்லாம் சம்பவிக்கவேண்டியதே" என்ற ஆறாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'கடைசிக் காலம் பிரதர், நடக்க வேண்டியது நடக்கிறது' என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வதற்கு அந்த வசனம் ஒரு சாக்காகிவிடுகிறது. இது மனதை மிகவும் நோகச் செய்கிறது. ஒரு தாய் இடிபாட்டுக்குள் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அவளைக் காலக்கணக்கின் ஓர் அடையாளமாக மட்டும் பார்ப்பதற்கு ஆண்டவர் நமக்குச் சொல்லித்தரவில்லை.

அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் கீழே வாருங்கள். 19, 20 வசனங்கள். "அந்நாட்களில் கர்ப்பவதிகளுக்கும் பால்கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ" என்கிறார் இயேசு. அடுத்த மூச்சில், "நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்திலாவது, ஓய்வுநாளிலாவது, சம்பவியாதபடிக்கு வேண்டிக்கொள்ளுங்கள்" என்கிறார்.

இதை நிதானமாக வாசியுங்கள். நகரம் அழியப்போகிறது என்று இப்போதுதான் சொல்லி முடித்தார். கல்லின்மேல் கல் இராதபடி இடிக்கப்படும் என்று சொன்னவர் அவரே. சொன்னபடியே கி.பி. 70-இல் ரோமப் படை எருசலேமை இடித்தது. இவ்வளவு பெரிய அழிவை முன்னால் வைத்துக்கொண்டு அவர் சீஷர்களிடம் கேட்கச் சொல்வது எதை? மழைக்காலமாக இருக்கக் கூடாது என்பதை. மாரிகாலத்தில் அந்த நாட்டின் காய்ந்த ஓடைகளெல்லாம் வெள்ளமாகிவிடும், மலைப்பாதை சேறாகும், யோர்தானைக் கடப்பது கடினம். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் அந்தச் சேற்றில் எப்படி ஓடுவாள்? ஆண்டவரின் மனக்கண்ணில் அவள் நிற்கிறாள். 'எல்லாம் நடந்தே தீரும்' என்று சொன்ன அதே வாய், 'வானிலைக்காக ஜெபியுங்கள்' என்கிறது. பிற்காலத்தில் எருசலேம் சபையார் யோர்தானுக்கு அப்பால் பெல்லா என்ற ஊருக்குத் தப்பிப்போனார்கள் என்று சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதிவைத்திருக்கிறார்.

நீண்ட போருக்காக ஜெபிப்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேதத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. பெரியதைக் கேட்க வாய் வராத நாளில் சின்னதைக் கேளுங்கள். சின்னது என்றால் அற்பமானது என்று பொருளில்லை. ஒரு மனுஷியின் உடம்பில் இன்றைக்குப் படுகிற குளிரை, பசியை, பயத்தைச் சொல்லிக் கேட்பது.

உங்கள் முதல் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. முகம் தெரியாதவர்களுக்காக என்ன கேட்பது? போர்க்களத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள், விண்ணப்பங்கள் தானாக வரும். தண்ணீர் முதலில் வருகிறது. மின்நிலையம் அடிபட்டால் விளக்கு மட்டுமா அணைகிறது? தண்ணீர் ஏற்றுகிற பம்பு நிற்கிறது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிற்கிறது, சில வாரத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஆகவே 'தண்ணீர் வரட்டும், அந்தப் பம்பை ஓட்டுகிற ஊழியர்களைக் காத்தருளும்' என்பது முழுமையான ஜெபம். இன்சுலினைக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும், மின்சாரம் போனால் சர்க்கரை நோயாளி என்ன செய்வார்? வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் செய்ய வேண்டியவர், பாலம் இடிந்த ஊரில் மருத்துவமனைக்கு எப்படிப் போவார்? இருட்டில் பிரசவம் பார்க்கிற தாதி, மூன்றாம் வருஷமும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, காணாமற்போன மகனின் சட்டையை மடித்து வைத்திருக்கிற தகப்பன். காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்காகத் தனியாக ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று எப்போதும் சொல்வேன். இறந்தவர்களுக்காக அழவாவது முடியும். இவர்களுக்கு அழுவதற்கும் அனுமதி இல்லை, நம்பவும் பலமில்லை. அவர்கள் நடுவிலே தொங்குகிறார்கள்.

சிறைபிடிக்கப்பட்டவர்களையும் விட்டுவிடாதீர்கள். கிழக்கத்திய திருச்சபைகளின் வழிபாட்டில், தொடக்கத்திலேயே ஒரு நீண்ட மன்றாட்டு வரும். 'முழு உலகத்தின் சமாதானத்துக்காக' என்று கேட்டு, பயணம் செய்கிறவர்கள், நோயாளிகள், துன்பப்படுகிறவர்கள், சிறைப்பட்டவர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்தாராகப் பெயர் சொல்லிப் போகும். ஒவ்வொன்றுக்கும் சபை 'ஆண்டவரே, இரக்கமாயிரும்' என்று பதில் சொல்லும். பல நூற்றாண்டாக, ஒவ்வொரு ஞாயிறும், சிறைப்பட்டவனை மறக்காமல் ஒரு சபை சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. 'எல்லாருக்காகவும்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் யாருக்காகவும் சொன்னதாக இராது என்பதை அந்த முன்னோர்கள் அறிந்திருந்தார்கள்.

எங்கள் குழுவில் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். பெரிய ஜெப வார்த்தைகள் அவருக்கு வராது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கிற ஒரு வார்டில் ஜெனரேட்டருக்கு எண்ணெய் தீரப்போகிறது என்று ஒரு தடவை செய்தி வாசித்தோம். அன்றுமுதல் அந்த அம்மா ராத்திரி படுக்கப்போகும்போது விளக்கை அணைக்கிற ஸ்விட்சில் கையை வைத்து ஒரு நிமிஷம் நிற்பாராம். 'ஆண்டவரே, நான் அணைக்கிறேன். அங்கே அணையாமல் பார்த்துக்கொள்ளும்.' அவ்வளவுதான் ஜெபம். இரண்டு வருஷமாக ஒரு நாளும் விட்டதில்லை என்று அவர் வீட்டார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நாங்கள் நோட்டில் எழுத மறந்த அந்த வாரத்திலும் அவர் ஸ்விட்சில் கை வைத்து நின்றிருக்கிறார். எனக்கு அதற்குப் பிறகு 'சமாதானம் தாரும்' என்று வெறுமனே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எரேமியாவில் ஒரு வசனம் உண்டே, "சமாதானமில்லாதிருந்தும்: சமாதானம் சமாதானம் என்று சொல்லி" காயத்தை "மேற்பூச்சாய்" ஆற்றுகிறவர்களைப் பற்றி. அது கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றியது. ஆனால் ஜெபக்கூட்டத்தில் ஓடி முடிகிற ஒற்றை வரிக்கும் அந்த மேற்பூச்சு வாசனை கொஞ்சம் அடிக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கேட்டும் நிற்கவில்லையே, இன்னும் ஏன்?

இதற்குச் சுலபமான பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 'விசுவாசம் போதவில்லை' என்பார்கள். 'யுத்த ஆவியைக் கட்டுகிறோம்' என்று மேடையில் முழங்கிவிட்டு, மறுவாரம் அதைப்பற்றிப் பேசாமலே போவார்கள். முழங்கியதில் தவறில்லை, திரும்பி வந்து 'ஆண்டவரே, ஏன் நிற்கவில்லை?' என்று கேட்காததுதான் தவறு. அப்படிக் கேட்பதற்கு வேதத்தில் ஒரு தனிப் பாஷையே இருக்கிறது. அதுதான் புலம்பல். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். நாமோ ஆராதனையில் துதியின் சங்கீதங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டோம். அதனால் துக்கம் நீளும்போது நமக்குப் பேச்சு வராமல் போகிறது.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. "நான் எந்தமட்டும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்று ஆபகூக் முறையிடுகிறான். ஆபகூக்குக்குப் பதில் வந்தது, ஆனால் அவன் விரும்பாத பதில்: பாபிலோனியராகிய கல்தேயர் படையெடுத்து வரப்போகிறார்கள். அவன் அதையும் கேட்டுவிட்டு, காவல் கோபுரத்தில் ஏறி இன்னும் நிற்கிறான். 88-ஆம் சங்கீதமோ விடியாமலே முடிகிறது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருளைக் குறிப்பது. மற்றப் புலம்பல்கள் பலவற்றில் கடைசியிலாவது ஒரு துதி எட்டிப்பார்க்கும், இதில் அதுவும் இல்லை. ஆனாலும் பக்தர்கள் அதைச் சங்கீதப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடவில்லை. விடியாத ராத்திரியில் இருக்கிறவனுக்கும் ஒரு சங்கீதம் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

எரேமியாவின் புலம்பலை ஒரே அமர்வில், முடிந்தால் சத்தமாக, வாசித்துப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமை ஏறக்குறைய ஒன்றரை வருஷம் முற்றுகையிட்டு, கி.மு. 586-ஐ ஒட்டி அழித்தது. அந்தப் பஞ்சத்தின் சாட்சி அது. "குழந்தைகளின் நாக்கு தாகத்தால் மேல்வாயோடே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாலகர் அப்பம் கேட்கிறார்கள், அவர்களுக்குக் கொடுப்பாரில்லை." நேற்றைய செய்தியைப்போல இல்லையா? ஐந்து அதிகாரங்களில் நாலு, எபிரெய எழுத்துகளின் வரிசையில் கட்டப்பட்டவை. 22 எழுத்து, எழுத்துக்கு ஒரு வசனம். மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66. ஏன் இப்படி? பலர் பலவிதமாகச் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது இது: துக்கம் அளவில்லாமல் போகும்போது, எதையும் விட்டுவிடாமல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சொல்லித் தீர்ப்பதற்கு அதைப் பாடினவனுக்கு ஒரு கயிறு தேவைப்பட்டது. இந்தப் புத்தகம் முழுவதிலும் ஆண்டவர் ஒரு தடவைகூட நேரடியாக எழுந்து பதில் சொல்வதில்லை. பதில் வராத ஜெபத்தை வேதமாக வைத்துக் காத்துவந்திருக்கிறோம் நாம். அதையே வீண் என்று எப்படிச் சொல்வது?

வார்த்தை முற்றிலும் வற்றிப்போனாலும் ரோமர் 8:26 இருக்கிறது. என்ன வேண்டிக்கொள்வது என்று அறியாத நமக்காக, ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுகிறார். பத்து நிமிஷம் பேசாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு உங்கள் குழு ஜெபிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

போருக்குள்ளேயே இருந்து ஜெபித்தவர் ஒருவரைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் 1618-இல் தொடங்கிய போர் 1648-இல்தான் ஓய்ந்தது. முப்பது வருஷம். இன்றைய ஜெர்மனியில் உள்ள சாக்சனி நாட்டில் ஐலன்பர்க் என்ற மதில் சூழ்ந்த சின்ன ஊர், அங்கே மார்ட்டின் ரிங்கார்ட் என்பவர் போதகர். மதிலுக்குள் அகதிகள் வந்து நிறைந்தார்கள், பின்னாலேயே கொள்ளைநோய் வந்தது. 1637-இல் மற்றப் போதகர்கள் மரித்தோ ஊரைவிட்டுப் போயோ, ஊரில் இவர் ஒருவர்தான் மிச்சம். சில நாட்களில் ஒரே நாளில் 40, 50 பேரை அடக்கம் செய்தார். அந்த வருஷத்தில் 4,000-க்கும் மேற்பட்ட அடக்க ஆராதனைகள், அவற்றில் ஒன்று அவர் மனைவியுடையது. அது போரின் பத்தொன்பதாம் வருஷம், முடிவதற்கு இன்னும் பதினொரு வருஷம் இருந்தது. அந்தக் காலத்தைச் சேர்ந்த அவருடைய நன்றிப்பாட்டு ஒன்று இன்றைக்கும் உலகமெங்கும் ஆலயங்களில் பாடப்படுகிறது. அது முதலில் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கான ஜெபமாக எழுதப்பட்டது என்பார்கள். அந்த மேஜையில் அன்று எவ்வளவு இருந்திருக்கும்? சமாதானம் வந்த மறுவருஷம் அவர் காலமானார். அவர் ஜெபம் கேட்கப்பட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் நிறுத்தவில்லை என்பது எனக்குப் போதும்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. ஒரு தரப்பு தோற்க வேண்டும் என்று கேட்கலாமா?

நேராகச் சொல்கிறேன். அநியாயம் தோற்க வேண்டும் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். படையெடுத்தவனையும் வீடிழந்தவனையும் ஒரே தட்டில் வைத்து 'இரு தரப்பும் அமைதி காக்க வேண்டும்' என்று பொதுவாகச் சொல்வது நடுநிலைபோலத் தெரியும், ஆனால் ஆண்டவர் அப்படிப் பேசுவதில்லை. ஆமோசின் முதல் அதிகாரத்தில், எல்லையை விஸ்தாரமாக்க கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறின அம்மோனியரை அவர் பெயர் சொல்லிக் கண்டிக்கிறார். போரில் நடக்கும் கொடுமைக்குக் கணக்கு வைக்கிற தேவன் அவர். "ஜாதிகளின் ஆலோசனையை விருதாவாக்கி" என்ற 33-ஆம் சங்கீத வரியைச் சொல்லி, தாக்குதல் திட்டங்கள் குலைய வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். 46-ஆம் சங்கீதம் இன்னும் நல்ல வழிகாட்டி: "அவர் பூமியின் கடைமுனைமட்டும் யுத்தங்களை ஓயப்பண்ணுகிறார், வில்லை ஒடித்து, ஈட்டியை முறிக்கிறார்". ஒடிவது வில், முறிவது ஈட்டி. அதைப் பிடித்திருந்த கை ஒடிய வேண்டும் என்று அந்த வரி கேட்கவில்லை.

அங்கேதான் கோடு இருக்கிறது என்று நினைக்கிறேன். துப்பாக்கி பிடித்திருக்கிற அந்தப் பையனும் பெரும்பாலும் கட்டாய ஆள்சேர்ப்பில் இழுத்துவரப்பட்ட பத்தொன்பது வயதுக்காரன். அவன் குறி தவறட்டும், அவன் மனம் மாறட்டும், அவன் செய்யக் கூடாததைச் செய்யாதபடி காக்கப்படட்டும் என்று கேளுங்கள். "உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காகவும் ஜெபம்பண்ணுங்கள்" என்பது இப்படித்தான் வாய்க்கு வரும். ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ளவர்களுக்காகவும் ஜெபிக்கப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினபோது ரோமில் இருந்த ராஜாக்கள் நல்லவர்கள் அல்ல. பேச்சுவார்த்தை மேஜையில் உட்காருகிறவர்களின் பிடிவாதம் இளகட்டும் என்று கேட்பது இந்த வகை.

ஆனால் ஒன்று. குண்டுக்குக் கீழே இருப்பவர்களிடம் 'மன்னித்துவிடுங்கள்' என்று தூரத்திலிருந்து போதிக்காதீர்கள். 137-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம், குழந்தைகளைக் கல்லில் மோதுவதைப் பற்றியது, நமக்கு நடுக்கம் தருகிறது. வீட்டை, பிள்ளையை இழந்தவன் தன் வெறியை ஆயுதத்தில் காட்டாமல் ஆண்டவர் முன்னால் கொட்டிவிட்ட இடம் அது. அவன் அழுது முடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும்.

மன்னிப்பு என்பது காயம்பட்டவரின் வாயிலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காட்சி. 1940 நவம்பர் 14 இரவு, இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரம் விமானக் குண்டுவீச்சில் எரிந்தது. அதன் பேராலயமும் கூரையில்லாத சுவராகிவிட்டது. எரிந்து விழுந்த இரண்டு உத்திரங்கள் சிலுவைபோலக் கிடந்ததைக் கண்டு ஒரு கொத்தனார் அவற்றைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினார். ஆலயத் தலைவர் ரிச்சர்ட் ஹோவர்ட், இடிந்த பலிபீடத்துக்குப் பின்னால் சுவரில் இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார்: 'பிதாவே, மன்னியும்.' சிலுவையில் ஆண்டவர் சொன்னது "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்பது. ஹோவர்ட் 'இவர்களுக்கு' என்பதை விட்டுவிட்டார். எரித்தவர்களும் எரிந்தவர்களும் ஒரே விண்ணப்பத்துக்குள் வரட்டும் என்று.  1958-இல் எழுதப்பட்ட ஒப்புரவின் மன்றாட்டு அங்கே வெள்ளிக்கிழமை நண்பகலில் இன்றும் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு வரிக்கும் அதே பதில்: பிதாவே, மன்னியும்.

'ஜெபம் மட்டும் போதுமா' என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். யாக்கோபு தன் நிருபத்தில் கேட்டதுதான் அது. வஸ்திரமில்லாதவனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் என்ன பயன்? மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 1989-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர், நடுவே சிறிது ஓய்ந்து, 2003 வரை நீண்டது. அந்த வருஷம் தலைநகர் மன்ரோவியாவில், மீன் சந்தைப் பக்கத்துத் திறந்தவெளியில், பெண்கள் வெள்ளை உடுத்தி நாள்தோறும் உட்கார்ந்தார்கள். லூத்தரன் சபையைச் சேர்ந்த லேமா போவீ முன்னின்றார், கிறிஸ்தவப் பெண்களோடு முஸ்லிம் பெண்களும் சேர்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் ஜெபித்தார்கள், உபவாசித்தார்கள். கானாவில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, மண்டபத்தின் வாசலை அடைத்து உட்கார்ந்து, உடன்படாமல் வெளியே விடமாட்டோம் என்றார்கள். 2003 ஆகஸ்ட் 18-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களுக்குச் சந்தைவெளியில் முழங்காலிட்டதும் மண்டப வாசலில் உட்கார்ந்ததும் ஒரே ஜெபத்தின் இரண்டு பகுதிகள். நமக்கு அந்த வாசல் எட்டாது. உபவாச நாளில் மிச்சமாகும் காசை நம்பிக்கையான நிவாரணப் பணிக்கு அனுப்புவது எட்டும். 2024 முடிவில் போராலும் வன்முறையாலும் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள் உலகில் 12 கோடிக்கும் மேல் என்று ஐ.நா. அகதிகள் அமைப்பு கணக்கிட்டது. அவர்களில் யாராவது நம் பக்கத்தில் வந்து குடியிருக்கவும் கூடும்.

அங்கே இருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், போன் செய்யுங்கள். மறைந்த போப் பிரான்சிஸ் காசாவில் நூற்றுக்கணக்கானோர் தஞ்சமடைந்திருந்த திருக்குடும்ப ஆலயத்துக்கு, 2023 அக்டோபரில் போர் தொடங்கியதுமுதல் ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் போன் செய்தார். மருத்துவமனைப் படுக்கையிலிருந்தும் செய்தார். 2025 ஏப்ரல் 21-இல் அவர் மரித்தார், அதற்கு இரண்டு நாள் முன்பும் அழைத்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள், இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாராம். நீங்கள் பேசும்போது வசனத்தை அவசரமாக எடுத்து நீட்டாதீர்கள். 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லவே சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாக இருந்தார்கள். 'இன்றைக்கு எதற்காக ஜெபிக்கட்டும்?' என்று கேளுங்கள். வருகிற பதில் உங்களை வியக்க வைக்கும். ஒருவர் 'தூக்கம்' என்பார். இன்னொருவர் 'பொறுமை, ஒரே அறையில் பதினோரு பேர் இருக்கிறோம்' என்பார்.

குழுவை நடத்துவதில் சில காரியங்கள், என் அனுபவத்தில் உதவினவை. போர் தொடங்கிய தேதியை நோட்டின் மேலே எழுதுங்கள், ஒவ்வொரு வாரமும் இது எத்தனையாவது நாள் என்று வாசித்துவிட்டு ஆரம்பியுங்கள். எண்ணிக்கொண்டே இருந்தால் பழகிப்போக விடாது. ஒரு வாரத்துக்கு ஒரே தேவை: இந்த வாரம் தண்ணீர், அடுத்த வாரம் சிறைப்பட்டவர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சுமக்கப் பார்த்தால் இரண்டு மாதத்தில் குழு களைத்துவிடும். கோரமான படங்களைக் காட்டி உருக்கத்தை எழுப்பாதீர்கள், அந்த உருக்கம் நிற்காது, அந்தப் படத்தில் இருப்பவருக்கும் அது மரியாதை இல்லை. செய்தியைப் பத்து நிமிஷம் வாசித்தால் ஜெபத்துக்கு இருபது நிமிஷம் வையுங்கள். களைத்தவர்கள் ஒரு மாதம் ஒதுங்கட்டும், குற்றம் சொல்லாதீர்கள். அமலேக்கியரோடு யுத்தம் நடந்த அன்று மோசேயின் கைகளே அசந்துபோயின. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவன் மறுபக்கமும் கைகளைத் தாங்கினார்கள். நின்றுகொண்டே தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

வார்த்தை கிடைக்காத இரவுக்கு, எங்கள் குழுவில் சொல்கிற ஒரு ஜெபத்தைத் தருகிறேன். உங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆண்டவரே, எதுவரைக்கும்?
இது எத்தனையாவது ராத்திரி என்று நீர் அறிவீர், நாங்கள் எண்ண மறந்தோம், எங்களை மன்னியும்.
நிலவறையில் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டிருக்கிற தாயோடு உட்காரும்.
கட்டுண்டவனுடைய பெருமூச்சைக் கேளும்.
இருட்டில் அறுவை செய்கிற கை நடுங்காதிருக்கட்டும்.
குறிபார்க்கிறவனின் விரலைத் தடுத்தருளும்.
உத்தரவிடுகிறவர்களைத் தூங்கவிடாதேயும், அவர்கள் மனந்திரும்பட்டும்.
இன்று மரித்தவர்களை, யாரும் அடக்கம்பண்ணாதவர்களை, நீர் பெயர் சொல்லி அழையும்.
கண்ணீரைத் துருத்தியில் வைக்கிறவரே, ஒரு துளியும் கணக்கிலிருந்து தப்பாதிருக்கட்டும்.
ஆமென்.

இந்த வாரம் உங்கள் குழு கூடும்போது, முழங்காலிடுவதற்கு முன்னால், அந்த ஊரில் இன்றிரவு மழையா, பனியா, எத்தனை டிகிரி குளிர் என்று யாராவது ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். அதிலிருந்து தொடங்குங்கள்.